முப்பிடாதியம்மாள் ராட்டினம் ஏறிய கதை

முப்பிடாதியம்மாளுக்கு எதையும் சுற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில், உள்ளே என்னதான் முணுமுணுக்கிறது என்று கம்பத்தில் காதை வைத்துக் கேட்டவள். பஸ் நின்றால் குனிந்து அடியில் பார்ப்பாள். நடவு நடும்போது மட்டும்தான் அந்தக் கண்ணுக்கு வேலை கிடையாது. சேறு, நாற்று, தன் கை, அவ்வளவுதான் தெரியும். இத்தனை வருஷம் நட்டும் ஒரு வயலையாவது மேலேயிருந்து முழுசாகப் பார்த்ததில்லையே என்று அவளுக்குத் தீராத குறை. கொக்கு பார்க்கிறது, நான் பார்க்கக் கூடாதா என்பாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குச் சங்கரன்கோவிலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஊருக்கு வடக்கே, அவள் நடவு நடும் வயல்காட்டை ஒட்டிய பொட்டலில் பெரிய ராட்டினம். புளியங்குடி பஸ், கரிவலம் பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு வந்தன. கடைசி நாள் சாயங்காலம், கூட நடவு நடும் மாரித்தாயை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள் முப்பிடாதி. விடிந்தால் ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

நகர்ந்து நகர்ந்து படிக்கருகே வந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது.

“ஏட்டி மாரி, இது இடமால்லா சுத்துது!”

“எப்படிச் சுத்துனா என்னட்டி? ஏறு.”

“கோயிலயும் வலமாத்தான் சுத்துதோம், தீபத்தட்டையும் வலமாத்தான் காட்டுதாவ. இடமா சுத்துறதுல நான் ஏற மாட்டேன். ஏ தம்பி, கொஞ்சம் மாத்திச் சுத்த விடேன்!”

ராட்டினம் ஓட்டும் சங்கரபாண்டி தலையில் கைவைத்தான். “யக்கா, இது என்ன உங்க வீட்டுத் திரிகையா, கையால மாத்திச் சுத்த? எஞ்சின் ஓடுத மாதிரிதான் ஓடும்.”

“எம்மா, ஏறுதியளா, பஞ்சாங்கம் பாத்துட்டு வாரியளா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சனம் சிரித்தது.

முப்பிடாதி வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

“பாவி, வரிசையில இடம் போச்சு! நாளைக்கு எதுல ஏறி உன் வயலப் பாப்ப?” என்று மாரித்தாய் அழாக்குறையாகக் கத்தினாள். முப்பிடாதிக்கும் ஆசை விடவில்லைதான். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றுகிறவளா? ஏறத்தான் கொடுத்துவைக்கவில்லை, இதைச் சுற்றுவது எது என்றாவது பார்ப்போம் என்று பின்பக்கம் போனாள். அங்கே எஞ்சின் டபடபவென்று புகை கக்கியது. பெல்ட் போகிற வழியிலேயே கண்ணை ஓட்டி மேலே பார்த்தவள் வாயைப் பிளந்தாள்.

“மாரி, இங்கன வா! இப்ப வலமா சுத்துதுட்டி!”

முன்பக்கம் ஓடிப் பார்த்தாள்; இடம். பின்பக்கம் ஓடி வந்தாள், வலம். மறுபடியும் ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் ராட்டினத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“சாமி சத்தியமா நான் ஒண்ணும் மாத்தலக்கா” என்று எஞ்சின் பக்கம் வந்தான் சங்கரபாண்டி.

தாடையில் கைவைத்து யோசித்தவள் திரும்பிப் பார்த்தாள். எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டு வீடுகளுக்கு மேலே, கோயில் கோபுரம்.

“ஏ தம்பி, கோமதி அம்மன் இந்தப் பக்கம்தான இருக்கா?”

“ஆமா.”

“அப்ப அவ பாக்கையில இது வலமாத்தான சுத்துது?”

சங்கரபாண்டி கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தான். “அப்படித்தான் வருது.”

“அவ பாத்தாப் போதும். நம்ம கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சா என்ன? வாட்டி.”

இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்து, வரிசைக்குக் கட்டிய கயிற்றைத் தூக்கி அவனே இருவரையும் ஏற்றிவிட்டான்.

தொட்டில் எழும்பியதும் மாரித்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றபோது இவர்கள் உச்சியில் இருந்தார்கள். குளம் வெயிலில் தகதகத்தது. கரைக்குக் கீழே, சாய்ந்த புளியமரத்தை வைத்து முப்பிடாதி தாங்கள் நட்ட வயலைக் கண்டுபிடித்தாள். கட்டை விரலை நீட்டினாள், வயல் மறைந்தது. விரலை எடுத்தாள், பச்சையாக வந்து நின்றது.

“இத்துனூண்டு வயலுக்காட்டி நம்ம இடுப்பு அந்தப் பாடு பட்டுச்சு?”

“நெசமாவா? எம்புட்டு இருக்கு?”

“கண்ணத் தொற.”

“மாட்டேன். நீயே சொல்லு.”

“வடக்கு மூலையில வழுக்கை விழுந்து கிடக்கு. நீ நட்ட இடந்தான்.”

மாரித்தாய் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டாள். “எங்கட்டி?” என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் ராட்டினம் இறங்கத் தொடங்கியது.

“அது என் மூலை இல்லட்டி!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “இன்னொரு சுத்து வரட்டும், யார் மூலைன்னு காட்டுதேன்!”