சித்தியின் முழங்காலும் ஆப்ப சோடாவும்

என் சித்தியை நடிப்புக்காரி என்றார்கள். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்த காலம். எங்களுக்குத் திருமுல்லைவாயிலில் கொஞ்சம் நிலம் இருந்தது. சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவருஷமே சித்திக்கு முழங்கால்கள் பிடித்துக்கொண்டன. நாற்று நடக் குனிந்தால் நிமிர முடியாது. ஆவடி டாக்டர் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். சில நாளிலேயே சித்தி சேற்றில் இறங்கிவிட்டாள். ஆனால் மாத்திரை வயிற்றைப் போட்டு எரித்தது. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சித்தி மாத்திரை விழுங்கிய கையோடு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எரிச்சல் அடங்கியது. கொஞ்ச நாளில் கால்வலி திரும்பி வந்துவிட்டது.

எங்களோடு இருந்த அத்தைக்கு அது போதாதா?

“மாத்திரையும் முழுங்கினு கீறா, நோவும் போவலயாம். இன்னா நடிப்புடீ இது!”

“அவ நோவு அவளுக்குத்தான் தெரியும், வுடுங்க அண்ணி” என்றாள் அம்மா.

நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? சித்தப்பாவும் நம்பிவிட்டார். சித்தியை ரயிலேற்றி, வேப்பம்பட்டில் அவள் தாய்வீட்டில் விட்டுவந்தார். அதே மாத்திரைகள்தான் மூட்டையில் போயின. அங்கே சோடா கொடுக்க ஆளில்லை. கஞ்சியைக் குடிக்கவைத்து, பிறகு மாத்திரை கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு அழைத்துவர சித்தப்பா, அத்தையோடு நானும் போனேன். சித்தி ஸ்டேஷனுக்கே நடந்து வந்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

“பாத்தியாடா? ஆத்தா ஊட்ல காலு நல்லாத்தான் கீது!” என்றாள் அத்தை.

குணமானதே குற்றமாகிவிட்டது! சித்தப்பா அடுத்த ரயிலில் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். அவளை மறுபடி அழைத்துவர ஒரு வருஷம் ஆனது. அதன்பிறகு சித்தி சாகும்வரை வலிக்கிறது என்று வாய் திறக்கவில்லை.

எங்கள் வீடே சித்திக்கு ஆகவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். வயதான காலத்தில் என் மூட்டுக்கும் அதே மாத்திரை எழுதிய டாக்டர், ஆப்ப சோடா மட்டும் கூடாது, மருந்தை அது சிறுநீரோடு சீக்கிரம் வெளியே தள்ளிவிடும் என்றார். அந்த வீட்டில் சித்தியை நம்பிய ஒரே ஆள் என் அம்மா. சித்தியைப் பொய்க்காரி ஆக்கியது அம்மாவின் கை என்பது அன்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.