கிரேன்காரரின் பகல் தூக்கம்

இரும்புக் கிடங்கில் அவரை எல்லோரும் 'லோடு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்தபடி, ஆளையே கூழாக்கும் தகட்டுச் சுருள்களைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல லாரியில் இறக்கிவைப்பார். ஆனால் அந்தப் பட்டப்பெயர் கைப்பக்குவத்துக்கு வந்ததல்ல, உடம்புக்கு வந்தது. அடுத்தவன் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவது அவர் வழக்கம். "கொக்கியிலதான் எடை வரம்பு எழுதியிருக்கான். கூண்டுல எழுதல, பிழைச்சேன்" என்பார்.

உடம்பைக் குறைக்க அவர் பார்க்காத வழி இல்லை. பட்டினி கிடந்தார், நடந்தார், பொடி கரைத்துக் குடித்தார். போன சதை சும்மா திரும்பி வராமல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது. கடைசியில் கூண்டுக்கு ஏறும் ஏணியே எமனாகிவிட்டது. காலையில் மூச்சிரைக்க ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போகும். வாளியைக் கட்டி அனுப்புகிறவன் அவர் மனைவியின் தம்பி. கீழே நின்று விசிலாலும் கைச்சாடையாலும் அவருக்கு வழி சொல்லும் சிக்னல்காரனும் அவனே.

வீட்டில் மனைவிக்கு வேறு பயம். அவருடைய குறட்டை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அது திடீரென்று நிற்கும்போதுதான் விழித்துக்கொள்வாள். மூச்சே வராது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர்போல ஒரு திணறலுடன் திரும்ப வரும். பலமுறை சொல்லிப் பார்த்தாள். "கனவு கண்டிருப்ப" என்று தட்டிக்கழித்தார். எழும்போதே தலை கனப்பதையும் பகலில் கண் சொருகுவதையும் வயசின் மேல் பழிபோட்டார்.

ஒரு மதியம், சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. மைத்துனன் சுருள் இறங்கவேண்டிய இடத்தில் மண்டியிட்டு, அடியில் வைக்கும் கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தான். வழக்கமாகச் சற்றுத் தள்ளியே சுருள் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. தன் மேல் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தவன், விசிலை ஊதிக்கொண்டே பின்னால் புரண்டான். அந்தச் சத்தத்தில் மேலே கை நெம்புகோலை இழுத்தது. அவன் மண்டியிட்டிருந்த இடத்துக்கு மேலே சுருள் ஆடியபடி நின்றது.

அவன் ஏணியில் ஏறி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தூங்கிட்டீங்களா மாமா?"

"இல்லடா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன். ஆனா மேனேஜர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அன்றே சொன்னார். கூண்டிலிருந்து இறக்கி, வாசலில் லாரிகளைப் பார்த்து அனுப்பும் வேலையில் போட்டார்கள். மருத்துவமனையில் உடம்பெல்லாம் கம்பி ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகிறது, பகலில் கண் சொருகுவது அதனால்தான், எடை குறைந்தால்தான் சரியாகும் என்றார்கள். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அறுவை செய்யும் மருத்துவர் ஒரு பெண். ஒவ்வொரு வழியாகப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வயிற்றுக்குள் பலூன் வைக்கலாம், ஆனால் சில மாதத்தில் எடுத்துவிட வேண்டும், இவர் எடைக்கு அது காணாது. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டுக் குழாய்போல மிச்சம் வைக்கலாம். வெட்டியது வெட்டியதுதான். அதோடு இவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வரை புளித்து எதுக்களிக்கிறது, அது இன்னும் கூடலாம். மூன்றாவது, இரைப்பையின் மேல்பக்கம் சின்னப் பையாகப் பிரித்து, அதைக் கீழே குடலோடு நேராக இணைப்பது. ஆயுசு முழுக்க சத்து மாத்திரை விழுங்க வேண்டும். இவருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைப்பதாகச் சொன்னார்.

"இதுல ஆபத்து இல்லாதது எதும்மா?" என்று கேட்டார்.

"அப்படி எதுவும் இல்லைங்க. ஒண்ணும் செய்யாம இருக்கறதும் ஆபத்துதான்."

மூன்றாவதையே செய்துகொண்டார். அதற்கு முன்பே தூங்கும்போது மூக்கில் காற்று இயந்திரம் மாட்டப் பழக்கினார்கள், அறுவைக்கு இடம்விட்டுக் கல்லீரல் சுருங்கட்டும் என்று வெறும் நீராகாரத்தில் வைத்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. உள்ளே குடலை இணைத்த தையல் கசியலாம், நெஞ்சு படபடத்தாலோ இடது தோளில் வலி எடுத்தாலோ காய்ச்சலுக்குக் காத்திராமல் ஓடி வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த சில நாளில் இடது தோள் வலித்தது. அவர் வாய் திறக்கவில்லை. நெம்புகோல் பிடித்த கை, வலிக்காமல் இருக்குமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்க்க வந்த மைத்துனனிடம் பழைய கூண்டு நகைச்சுவையைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த நகைச்சுவையை அவர் முடிக்காமல் விட்டு அவன் பார்த்ததே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி குதித்து ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, செருப்பப் போடு" என்றான்.

கசிவுதான். திரும்பவும் வயிற்றைத் திறந்தார்கள். அதன்பின் பல வாரம் குழாய் வழியாகத்தான் ஆகாரம். உள்ளே போன மனிதரும் வெளியே வந்தவரும் ஒரே ஆளா என்று மனைவிக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் கன்னம் ஒட்டிப்போனது. ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் திரும்ப நடந்த தூக்கப் பரிசோதனையில் மூச்சு ஒருமுறைகூட நிற்கவில்லை. கூண்டுக்கு ஏறலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மேனேஜர் கைகுலுக்கினார். இவரோ கீழேயே இருந்துகொள்கிறேன் என்றார். மேனேஜருக்குப் புரியவில்லை. மைத்துனன் வெளியே அழைத்துவந்து காரணம் கேட்டான்.

"அன்னிக்கும் முழிச்சிருக்கிறதாத்தான்டா நெனச்சேன்" என்றார்.

இப்போது கூண்டில் வேறொருவன் இருக்கிறான். இவர் கிடங்குத் தரையில் சுருள்களுக்கு நடுவே நடந்து வேலை பார்க்கிறார். சின்னக் கிண்ணத்தில் கொண்டுவருவதை நெடுநேரம் மென்று சாப்பிடுகிறார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. தலைக்கு மேலே கிரேன் நகரும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, கூண்டிலிருப்பவனின் முகம் தெரியும்வரை நிமிர்ந்து பார்க்கிறார்.