வெள்ளை ஜீப்பும் பதினெட்டு வாளித் தண்ணீரும்

எங்கள் ஜீப் ஒரு தடவை குளித்தெழும்பப் பதினெட்டு வாளித் தண்ணீர் வேண்டும். எண்ணியவள் நான். என் கணவர் எண்ணமாட்டார். ஜீப்பைக் கழுவத் தொடங்கினால் அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. கிளிநொச்சியில் எங்கள் வளவுக் கிணறு ஆவணி மாதம் வந்தால் அடி தெரிய வற்றிவிடும். நானும் மகளும் ஆளுக்கு மூன்று வாளியோடு முழுக்கை முடித்துக்கொண்டு வர, மாமரத்தின் கீழே ஜீப் ராசா மாதிரி நின்று சவர்க்காரம் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கும்.

"இஞ்சருங்கோ, அதுக்கு வேர்க்கிறேல்லை. ஒரு கிழமை குளிக்காட்டியும் மணக்காது" என்பேன்.

"நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்பார், தலையைத் தூக்காமலே.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அந்த ஜீப் எங்களிடம் வந்தது. போர்நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. அவர் அப்போது உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை ஒன்றை நடத்திவந்தார். வெளிநாட்டிலிருந்த அவருடைய தமையன் கைகொடுக்க, வவுனியாவுக்குப் போய்ப் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினோம். நாலு சில்லும் இழுக்கும், மழைக்காலச் சேற்றிலும் நிற்காது என்று விற்றவர் சொன்னார். அங்கே கடும் நீல நிறத்திலும் ஒன்று நின்றது. நான் நீலத்தைக் காட்டினேன். அவர் வெள்ளையைக் காட்டினார்.

"வன்னிப் புழுதிக்கு வெள்ளையோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். விற்றவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளை மங்காமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று சொன்னார். சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றிய ஒரு மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்குக் கொடுத்த வாக்குகளில் பாதியை அவர் அப்படிக் காப்பாற்றியிருந்தால் நான் இன்றைக்கு நிலத்தில் கால்படாமல் இருந்திருப்பேன்.

ஜீப்புக்கென்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். கழற்றிய செருப்புகளைப் போட ஒரு வெற்று உரப்பை பின்பக்கம் கிடக்கும். இறங்கும்போது அவர் அந்தப் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருமுறை பதினொரு பேர் நெருக்கியடித்துப் போனோம். இறங்கிய இடத்தில் இருபத்திரண்டு செருப்புகளும் குவியலாகக் கிடந்தன. என் தங்கை அவசரத்தில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு கோயிலடிக் கடைகளைச் சுற்றி வந்துவிட்டாள். சொந்தக்காரி வெறுங்காலோடு சுடுமணலில் துள்ளித் துள்ளி நின்றாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகும் நாட்களில் வழியில் தண்ணீரூற்று என்ற ஊரில் இறங்குவோம். இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்து கடை போட்டிருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் அங்கே இருந்தார். என் கணவருக்குப் பள்ளித் தோழர். அவரையும் ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போவோம். அவர் ஏறும்போதெல்லாம் ஒரே பகிடியைத்தான் சொல்லுவார்.

"மச்சான், நான் செருப்பைக் கழட்டிப்போட்டுப் போறது பள்ளிவாசலுக்கும் உன்ரை ஜீப்புக்கும் மட்டுந்தான்."

கடற்கரையில் மகளும் தோழரின் பிள்ளைகளும் ஈரத்தோடு ஓடி வர, இவர் கதவுக்கு முன்னால் துவாயோடு நிற்பார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடுமாம். அதனால் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னமே ஜீப்புக்குக் குளிப்பு நடக்கும். சுட்ட மீன் ஆறிப்போகும். நான் குசினிக்குள் நின்று சட்டி பானைகளோடு சண்டை பிடிப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கழுவி முடித்து, ஈரம் சொட்டச் சொட்ட அந்த வெள்ளை மாலை வெயிலில் நிற்கும்போது நானும் படலையடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். வீதியால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அதை அவருக்குக் காட்டிக்கொண்டதில்லை.

தண்ணீர்ச் சண்டை முற்றிய ஒரு கோடையில் அவர் ஜீப்பைக் குளத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். பக்கத்துக் காணியில் தோட்டம் செய்த மலையகத்துக்காரர் ஒருவர் தன் எருமைகளை அங்கேதான் குளிப்பாட்டுவார். இவர்கள் இருவரும் அருகருகே நின்று தேய்த்துக்கொண்டிருப்பதை மகளும் நானும் அணைக்கட்டில் இருந்து பார்ப்போம்.

"அண்ணே, நம்ம எருமைங்ககூட இம்புட்டு நேரம் குளிக்காதுங்க" என்பார் அவர்.

"அது தானா வந்து தண்ணியிலை படுக்குது. இதை நான்தானே பாக்கவேணும்" என்பார் இவர்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடிய பிறகு டீசல் கிடைப்பது அருமையாகிவிட்டது. மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெயைக் கலந்து வாகனம் ஓட்ட எல்லோரும் பழகினார்கள். எங்கள் ஜீப்பும் அப்படித்தான் ஓடியது. அது கடந்துபோனால் வீதியெல்லாம் வடை பொரித்த மணம் வரும். மகள் பின்னால் இருந்து பசிக்குது என்பாள். பிறகு பிறகு மாதத்தில் இரண்டு தடவைதான் எடுப்போம். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் அதன் குளிப்பு மட்டும் நிற்கவில்லை. ஓடாத ஜீப்பை ஏன் கழுவுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் உளைந்தது.

இரண்டாயிரத்து எட்டில் வானத்துக்குப் பயந்து வாழ்ந்தோம். மேலே சுற்றும் ஆளில்லா விமானத்தை வண்டு என்போம். அதன் இரைச்சல் கேட்டால் கதை நின்றுவிடும்; அது கண்ட இடத்தில் பிறகு குண்டு விழும். மினுங்குகிற எதையும் வெளியே விடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தகரக் கூரைகளுக்கு ஓலை போட்டார்கள். வாகனம் வைத்திருந்தவர்கள் சேறு குழைத்து அப்பினார்கள். உழவு இயந்திரம், வான், மோட்டார் சைக்கிளின் விளக்கு எல்லாமே மண்ணிறமாகிவிட்டன. எங்கள் வீட்டு மாமரத்தின் கீழே மட்டும் ஒன்று பளீரென்று நின்றது. அவர் அதன் மேல் ஓலையைப் பரப்பிவைத்துக்கொண்டு, அது போதும் என்றார்.

"நிக்கேக்கை ஓலை சரி. ஓடேக்கை?" என்று கேட்டேன்.

"ஓடேக்கை பாப்பம்."

"பாக்கிறதுக்கு நாங்கள் இருக்கவேணுமே! உங்களுக்குப் பெயின்ற் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

அவர் ஓலையைச் சரிசெய்யப் போய்விட்டார். அயலவர் இரண்டு பேர் படலையடிக்கு வந்து, ஜீப்பைத் தங்கள் வீட்டுப் பக்கம் நிறுத்தவேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இறங்கி வந்தார். எருமைக்காரர் குளத்துக் களிமண்ணை இரண்டு பெரிய தாச்சியில் கொண்டுவந்து, நெல்லுமி போட்டுக் குழைத்தால் மழைக்கும் கழலாது என்று சொல்லிக் கொடுத்தார். மகளுக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு கையிலும் சேற்றை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அவளைத் தடுத்தார்.

"நீங்கள் ரண்டு பேரும் உள்ளுக்குப் போங்கோ. நான் பூசிறன்."

தனியாகவே பூசினார். அவருடைய வேதனை அவருக்கு, பார்க்க நிற்கவேண்டாம் என்று நானும் உள்ளே போய்விட்டேன். அன்றைக்குக் கறி தாளிக்கப் போனால் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் காணவில்லை. ஜீப்புக்கு ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் வழக்கம்.

சில நாளில் சண்டை கிட்ட வர, நாங்களும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். உடையார்கட்டில் ஒரு சொந்தக்காரர் வளவில் இடம் தருவதாகச் சொன்னார். அரிசி, பாய், சட்டி பானை எல்லாவற்றையும் ஜீப்பில் அடைத்தோம். அந்தச் சாமான்களுக்கு நடுவிலும் செருப்பைக் கழற்றி உரப்பையில் போட்டுவிட்டுத்தான் ஏறினோம். சட்டம் சட்டந்தான்.

வீதி நிறைய உழவு இயந்திரங்களும் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தன. நல்ல மத்தியான வெயில். விசுவமடுவுக்குக் கிட்ட, ஜீப்பிலிருந்து ஏதோ விழுந்து உடைவது போலச் சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கூரையிலிருந்து காய்ந்த சேறு ரொட்டி ரொட்டியாகக் கழன்று வீதியில் விழுந்துகொண்டிருந்தது. அதே நேரம் வண்டின் இரைச்சலும் கேட்டது. பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் கத்தினார்.

"அண்ணை, உங்கடை கூரை மினுங்குது! ஓரங்கட்டுங்கோ!"

ஒரு பாலை மரத்தின் கீழே ஜீப்பை விட்டார். நிழல் பாதிக்குத்தான் எட்டியது. மகளை வீதியோர வாய்க்காலுக்குள் இறக்கி இருத்திவிட்டு ஓடி வந்து கூரையைத் தொட்டேன். கை வழுக்கியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

"எண்ணெய் பூசினனீங்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "பலாப்பழம் வெட்டேக்கை கைக்கு எண்ணெய் பூசிறமெல்லே. அதுமாதிரி… பிறகு கழுவேக்கை பெயின்ற் உரியாமல் வருமெண்டு."

எங்கள் வீட்டுக் கறிக்கு வைத்திருந்த எண்ணெயைப் பூசி, அதன் மேல் சேற்றை அப்பி, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்காலிலிருந்து சேற்றை அள்ளி அப்பினேன். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. எண்ணெய் போகாமல் சேறு பிடிக்காது. வீதியோரம் கிடந்த கிரவல் கல்மண்ணை ஒரு பிடி அள்ளினேன். முன் கதவில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். கறகறவென்று கேட்ட சத்தத்தில் என் பல்லே கூசியது. வெள்ளையில் கோடு கோடாகக் கீறல் விழுந்தது.

அவர் என் கையைப் பிடித்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையைத் திறந்து அந்தக் கிரவலை வாங்கினார். பம்பரில் ஏறி நின்று, ஐந்து வருடமாக மெல்லிய துணியால் மட்டும் துடைத்த கூரையைக் கிரவலால் தேய்க்கத் தொடங்கினார். நான் அள்ளிக் கொடுக்கக் கொடுக்க அவர் தேய்த்தார். அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. இப்போது சேறு பிடித்தது. வண்டு எந்த நேரத்தில் விலகிப் போனதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மகள் வாய்க்காலிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்தாள். இறக்கிய அவசரத்திலும் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருந்தேன். கதவடியில் நின்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பா, பை எங்கை?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. போட்டுக்கொண்டே ஏறு" என்றார்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

உடையார்கட்டிலும் நாங்கள் நீண்ட நாள் இருக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் அங்கிருந்தும் வெளிக்கிடவேண்டி வந்தது. ஜீப்புக்கு ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை, தேங்காயெண்ணெயும் இல்லை. கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிவெடுத்தோம். அந்த வளவுக் கிணற்றில் எப்போதும் பத்துக் குடும்பம் வரிசையில் நிற்கும். காலையில் அவர் வரிசையில் நின்று ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். வழிக்குக் குடிக்கக் பிளாஸ்டிக் கானில் நிரப்புவதற்கு என்று நினைத்துக் கானைத் திறந்து வைத்தேன். அவர் என்னைக் கடந்து மரத்தடிக்குப் போனார். கூரையை ஓலையால் நன்றாக மூடினார். பிறகு தன் பழைய சாரத்தை நனைத்து, சாரதிப் பக்கக் கதவைக் கழுவத் தொடங்கினார்.

சேறு கரைந்து இறங்க வெள்ளை தெரிந்தது. நான் போட்ட கீறல்களும் தெரிந்தன. அவற்றின் மேல் துணியை அழுத்தாமல், மெல்ல ஒற்றி ஒற்றித் துடைத்தார். பாதிக் கதவோடு தண்ணீர் முடிந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, என் ஏச்சுக்குக் காத்திருப்பவர் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இரண்டாவது வாளிக்காகக் கிணற்றடி வரிசையில் போய் நின்றேன்.