கவிதா கட்டிய பாலம்

எண்பதுகளின் நடுவில், இரும்புலியூரில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே ஹால். முப்பது பிள்ளைகளுக்கு ஸ்டெல்லாவும் நானும். இருவருக்கும் ஒரே வயது. அவள் முறையாக நர்சரி டிரெய்னிங் முடித்தவள். நான் வேலைக்கு வந்தபின் கற்றுக்கொண்டவள்.

ஒரு காலையில் கவிதாவின் அப்பா வந்தார். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். கையில் மகளின் நோட்டு. அதில் பக்கம் பக்கமாக ‘அ’.

“இன்னா மிஸ் இது? வூட்ல ஒரு கோடு போடச் சொன்னா போடத் தெரியல. இங்க மட்டும் அச்சடிச்ச மாதிரி எழுதிக்கீது. யார் எழுதினது? டி.சி. குடுத்துடுங்க, வேற ஸ்கூல் பாத்துக்கறேன்.”

எழுதியது நான்தான். பெற்றோர் கேட்பார்களே என்று, கவிதாவின் கையைப் பிடித்து தினமும் ஒரு பக்கம் நிரப்பிவிடுவேன். ஸ்டெல்லாவுக்கு இது தெரியாது. நோட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பாமலே அவரிடம் சொன்னாள்.

“தப்பு எங்களோடதுதான் சார். டி.சி. தர்றோம். ஆனா பன்னெண்டு மணி வரைக்கும் உள்ள உக்காந்து பாருங்க. உங்க பொண்ணு இங்க என்ன பண்றான்னு தெரிஞ்சுட்டுப் போங்க.”

அன்று அவருக்கு வார லீவு. குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார்.

கவிதா மரக்கட்டைகளை அடுக்கி ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே வைக்க நீளக் கட்டை வேண்டும். அது இன்னொரு பிள்ளையிடம் இருந்தது. இரண்டு குட்டைக் கட்டைகளை வரிசையாக வைத்தாள். நடுவில் தாங்க ஒன்றுமில்லாமல் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. அப்பா எழுந்து கையை நீட்டினார்.

“வேணாம் சார்,” என்றாள் ஸ்டெல்லா மெதுவாக.

கவிதா உதட்டைக் கடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குட்டைக் கட்டைகளை எடுத்துப்போய், அந்தப் பிள்ளையின் நீளக் கட்டை பக்கத்தில் வைத்து அளந்தாள். “ரெண்டு சேந்தா அதுதான்,” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். திரும்பி வந்து, இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு தூணை நிறுத்தினாள். பாலம் நின்றது.

“நடுவுல முட்டு குடுக்கணும்னு யார் சொல்லிக் குடுத்தது?” என்று அவர் கேட்டார்.

“யாரும் இல்ல சார்,” என்றாள் ஸ்டெல்லா.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “நோட்டுல எழுதினது நான்தான் சார்,” என்றேன்.

நோட்டை என்னிடம் நீட்டினார். “இனிமே அது எழுதட்டும் மிஸ். கோணலா இருந்தாலும் பரவால்ல.” டி.சி. பற்றிப் பேசாமலே கிளம்பினார்.

ஸ்டெல்லா என்னை அன்றும் திட்டவில்லை, பிறகும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. தைப் பொங்கலுக்கு முன்பு கவிதா தானாகத் தன் பெயரின் முதல் எழுத்தான ‘க’வை எழுதினாள், தலைகீழாக. அதையும் ஸ்டெல்லா திருத்தாமல் சுவரில் ஒட்டினாள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். பிள்ளை தடுமாறும்போது பக்கத்திலேயே இருந்துகொண்டு சும்மா பார்ப்பது மிகவும் கஷ்டம். நமக்குச் சம்பளம் அதற்குத்தான்.