கொளஞ்சி அக்காவின் ரத்தம்

கொளஞ்சி அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான். கிட்னி...

"வயசாயிடுச்சு இல்ல மாமா, அதான்னு டாக்டரு சொல்றாரு" என்றான்.

எரிச்சலாக இருந்தது. அவனிடம் காட்டவில்லை.

எழுபதுகளில் நான் பயோகெமிஸ்ட்ரி மாணவன். விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பட்டறை. அக்காவின் கணவர் ராமலிங்கம் அண்ணன் அங்கே ஊறுகாய் ஜாடிகளுக்குப் பளபளப்பு வர, ஈயம் கலந்த கிளேஸ் பூச்சுக் கரைசலில் முக்கி எடுப்பவர். அந்த ஈயம் ரத்தத்தை என்ன செய்கிறது? அதுதான் என் ஆய்வு.

சிவப்பணுக்கள் அரிக்கப்படாமல் காக்க ரத்தத்திலேயே ஒரு பொருள் உண்டு. குளூட்டாதையோன். ஈயம் உள்ளே போனால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ரத்தத்தின் சிவப்பைப் பிரித்துவிட்டு, மிஞ்சும் தெளிந்த நீரில் ஒரு மருந்தைச் சேர்த்துப் பார்ப்போம். காவல் பலமாக இருந்தால் டெஸ்ட் ட்யூபில் நல்ல மஞ்சள். குறைந்தால் வெளிறல்.

பட்டறை ஆட்களின் ட்யூப்கள் வெளிறியிருந்தன. எதிர்பார்த்ததுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க, கன்ட்ரோல் என்று ஈயம் தொடாத ரத்தம் வேண்டும். அக்காவிடம் கேட்டேன். பட்டறைப் பக்கமே போகாதவர்.

"எடுத்துக்க தம்பி. உங்கண்ணன மாதிரி டீயிலயே உயிர் வாழுறவ இல்ல நானு."

அண்ணன் சிரித்தார். "பாத்துப்பா, ஊசி வளைஞ்சிடப் போவுது."

அக்காவின் ட்யூபும் வெளிறியது. மறுபடி செய்தேன். அதே.

புரியாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்று அண்ணனின் வேலைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே. காய்ந்த கிளேஸ் தூசி புகை மாதிரி எழுந்தது.

"உதறாம ஊறவச்சா தண்ணி சேறாயிடும் தம்பி."

பட்டறையில் தொண்டையில் படியும் தூசியை இறக்கும் என்று ஆட்களுக்கு வெல்லம் கொடுப்பார்கள். ஈயத்துக்கு அது எதற்கும் உதவாது. அக்காவுக்கு அதுகூட இல்லை...

என் பேராசிரியர் அக்காவின் முடிவைப் பார்த்தார். "கன்ட்ரோல் கெட்டுப்போச்சு. அந்த நம்பரை அடிச்சிடு."

சட்டையைப் பற்றிச் சொன்னேன். வாதாடினேன்.

"சட்டை உன் டாபிக் இல்லப்பா." அவரே பேனாவால் அடித்தார்.

வேறொருவர் ரத்தம். நல்ல மஞ்சள். பட்டம் வந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, தூசி, பேனா.

"அவரு ரத்தம் கெட்டா எழுதுவாங்க. என் ரத்தம் கெட்டா அடிச்சிருவாங்களா? நல்லா இருக்குது ஒங்க படிப்பு."

பிறகு கேட்டார். "சரி, பட்டறையிலயே தொவச்சிக் குடுப்பாங்களா? கேட்டுப் பாரேன்."

கேட்டேன். மேனேஜருக்கு ஒரே சிரிப்பு. "அப்புறம் வூட்டுல பொம்பளைங்க எதுக்கு?"

அதற்குப் பிறகும் அண்ணன் வருஷக்கணக்கில் அந்த வேலைதான் பார்த்தார். சட்டை தினமும் வீட்டுக்குத்தான் வந்தது. அக்கா உதறுவதை நிறுத்தி, வாளியில் முக்கினார். சேறு கையில்.

கிட்னியை ஈயம்தான் தின்றது என்று இன்று என்னால் நிரூபிக்க முடியாது. சான்றாக இருந்த அந்த ஒரு நம்பரையும் அடித்துவிட்டோம்.

வயசாயிடுச்சாம்...

விருத்தாசலம் போகும் என் பஸ் ஸ்ரீமுஷ்ணம் தாண்டிவிட்டது. வந்துகொண்டிருக்கிறேன், அக்கா.