ஆட்டுப்பட்டி மண்ணை அள்ள வந்தார்கள்

யானபா செவ்விந்தியப் பழங்குடியில் உப்புக் குலத்தில் பிறந்தவள். வந்தவர்களில் யாரையாவது அவள் ஒரு காபி கூட ஊற்றித் தராமல் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள் என்றால், அது மண்ணை அள்ள வந்த அரசாங்க அதிகாரியைத்தான்.

கணவன் மலைச்சுரங்கத்தில் மஞ்சள் மண் வெட்டியவன். அந்தத் தூசுச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத்தான் துவைத்தாள். வேண்டாமென்று கம்பெனிக்காரன் ஒருவனும் சொல்லவில்லை. கணவன் ரத்தமாய்த் துப்பிச் செத்தான். கம்பெனி கழிவு மண்ணை அவள் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போயே போய்விட்டது.

இப்போது அதிகாரி வந்து சொன்னான்: பட்டி மண்ணிலும் விஷமாம், வழித்து அள்ள வேண்டுமாம். பட்டி வாசலில்தான் அவள் பெற்ற ஐந்து பேரின் தொப்புள்கொடியும் புதைந்திருந்தது. கொடி கிடக்கிற இடத்துக்குத்தான் பிள்ளை திரும்பி வரும்.

மொழிபெயர்க்க வந்தவன் வில்சன், அவள் அக்காள் மகன். "சின்னம்மா, அந்த மஞ்சள் மண்ணு யுரேனியமாம். வானத்துல யுரேனஸ்னு ஒரு கோள் இருக்காம், அதோட பேராம். அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச உலோகத்துக்கு நெப்டியூன் பேரு, அதுக்கடுத்ததுக்குப் புளூட்டோ பேரு. மரியாதையாத்தான் வச்சாங்கன்றாரு."

"வானம் நமக்கு அப்பன்டா. அப்பன் வீட்டுப் பேரை வச்சா என் புருஷனைக் கொன்னாங்க? பல்லை இளிக்காம அப்படியே சொல்லு அவன்கிட்ட."

வில்சன் பாதியை விழுங்கிச் சொன்னான். அதிகாரி தலையாட்டினான்.

"கொடிங்களை நானே தோண்டி எடுத்துக்கிறேன்."

"அந்த மண்ணைக் கையால தொடக் கூடாதாம் சின்னம்மா."

யானபா குனிந்து ஒரு பிடி அள்ளி அதிகாரியின் காலடியில் வீசினாள். அதிகாரி அலறிக்கொண்டு பின்னால் குதித்தான்.

"பாத்தியாடா! ஒரு பிடிக்கே இந்தக் குதி. என் புள்ளைங்க இதுலதான் தவழ்ந்துச்சு. அப்ப எவன் குதிச்சான்?"

அதிகாரி மண் அள்ளும் இயந்திரத்துக்குக் கையைக் காட்டினான். அது கொடிகளோடு மண்ணை வழித்து, லாரியில் கொட்டியது.

"எங்க கொண்டு போறீங்க?"

"தூரத்துல ஒரு குழிக்கு. வேலி போட்டிருக்காம். யாரையும் விட மாட்டாங்களாம்."

யானபா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "என் புள்ளைங்க எங்க திரும்பி வரணும்னு எனக்குத் தெரியணும். எவனாவது தொட்டு இறக்கட்டும், பாக்கலாம்."

அவளைத் தொட ஒருவனும் வரவில்லை. மண் படிந்த அந்தக் கையைத் தொட யாருக்குத் துணிச்சல்? லாரி கிளம்பியது. அதிகாரியின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தூசு எட்டாத தூரத்திலேயே பின்னால் வந்தது.