அம்மாவின் ஜெராக்ஸ் கடை

இன்று ஓர் அலுவலகத்தில் நகலெடுத்த தாளை வாங்கியபோது, அதன் சூடும் மை வாசனையும் என்னை உப்பளம் என்ற பகுதியில் அம்மா நடத்திய ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டன. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். மிஷினின் பச்சை வெளிச்சம் அம்மாவின் முகத்தில் வந்து வந்து போக, பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குபவர்களின் பிரெஞ்சுத் தாள்களை ஓரம் மடங்காமல் அவள் அடுக்கித் தருவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஒருநாள் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். அதற்குமுன் அப்பா கடைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

"என் பையன் செல்போன் கடை போடப்போறான் சார். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"சரிங்க" என்றார் அப்பா.

"கடை நடத்துறது நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"அதான் சார்கிட்ட பேசிட்டேனேம்மா" என்று சிரித்தபடி கட்டடக்காரர் போய்விட்டார்.

அம்மா வேறு இடம் தேடிப் போனாள். எல்லாரும் "வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்றார்கள். அப்பா ஒரு இடத்துக்கும் போகவில்லை.

கடைசியில் மிஷினை அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். டெம்போவில் ஏற்றிய பிறகும், "பேப்பர் சிக்கினா இழுக்காதீங்க, பக்கத்துக் கதவத் திறந்து மெதுவா எடுங்க" என்று சொல்லிக்கொண்டே, வண்டி கிளம்பியும் அம்மா அதன்கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.